ஐப்பசிக்கு முன்பே மீனுக்குச் சேர வேண்டிய வைட்டமின்

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டி ஓய்ந்ததும் கடலூர், புதுச்சேரி வட்டாரத்து மீன் வளர்ப்பாளர்களிடம் ஒரே பேச்சாக இருக்கும். "மீன் மேலே வந்து மந்தமா நிக்குது, உடம்புல சிவப்புப் புள்ளி தெரியுது, தீவனம் எடுக்க மாட்டேங்குது. வைட்டமின் ஏதாவது போடலாமா?" புவனகிரிப் பக்கம் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருப்பவரும் இதைத்தான் கேட்பார். பாகூரில் வீட்டுக்குப் பின்னால் பயோஃபிளாக் (மீன் கழிவை நுண்ணுயிர்த் திரளாக மாற்றி, நெருக்கமாக மீன் வளர்க்கும் முறை) தொட்டி போட்டவரும் இதைத்தான் கேட்பார்.

அந்த நேரத்தில் போடுவது பெரும்பாலும் வீண். வைட்டமின் மீனுக்குள் போவது தீவனம் வழியாக. தீவனத்தைத் தொடாத மீனுக்கு அதை எப்படிக் கொடுப்பது? ஆவணி, புரட்டாசியிலேயே உடம்பில் சேர்ந்து இருப்பில் இருக்க வேண்டிய சரக்கு அது. கடைக்காரர்கள் மருந்தையும் வைட்டமினையும் ஒரே அலமாரியில் அடுக்கி விற்பதால் இரண்டும் ஒன்று என்ற நினைப்பு வந்துவிடுகிறது. மருந்து வந்த கிருமியைக் கொல்லப் பார்க்கும். வைட்டமின் ஒரு கிருமியையும் கொல்லாது. கிருமியை எதிர்க்கிற வேலையை மீனின் உடம்பு தானே செய்கிறது, அந்த வேலைக்கு வேண்டிய பொருள்களில் வைட்டமினும் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

விரால் மீனைச் சாம்பல் போட்டு உரசிக் கழுவுவோமே, அப்படியும் போகாமல் கையில் வழுக்கிக்கொண்டே இருக்கும் அந்தக் கொழகொழப்புதான் மீனின் முதல் காவல். சமையலுக்கு அது தொந்தரவு, மீனுக்கு அது கவசம். அந்தச் சளிப்படலத்தில் பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. படலம் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கும், பழையது தன்மேல் ஒட்டிய கிருமியையும் சேர்த்துக்கொண்டு தண்ணீரில் கழிந்துபோகும். வலை போட்டு முரட்டுத்தனமாகப் பிடித்த மீனுக்கு இரண்டு மூன்று நாளில் புண் வருவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். நாம் உரசி எடுத்தது வெறும் சளி அல்ல.

கிருமியே இல்லாத குளம் என்று ஒன்று கிடையாது. உடம்பு ஊதி, செதில் தூக்கி நிற்கும் நோயை உண்டாக்கும் ஏரோமோனாஸ் பாக்டீரியா நல்ல தண்ணீரிலும் இருக்கும், நோயில்லாத மீனின் குடலிலும் இருக்கும். அது ஒரு ஓட்டைக்காகக் காத்திருக்கிறது. சளி, தோல், செவுள் இந்த மூன்றில் எங்கே இடைவெளி கிடைத்தாலும் உள்ளே வந்துவிடும்.

உள்ளே வந்தால் அடுத்த காவல் வெள்ளணுக்கள். நமக்கு இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. மீனுக்கு அப்படிப்பட்ட மஜ்ஜை இல்லை. தலைக்குப் பின்னால் இருக்கும் சிறுநீரகத்தின் முன்பகுதியும் மண்ணீரலும் அந்த வேலையைப் பார்க்கின்றன. அங்கிருந்து கிளம்பும் வெள்ளணு கிருமியை விழுங்கி, தனக்குள்ளேயே வீரியமான ஆக்சிஜன் பொருள்களைக் கக்கி அதை எரித்துவிடும். அப்புறம் குறிப்பிட்ட கிருமிக்கென்றே எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் மூன்றாவது கட்டமும் உண்டு. ஆனால் மீனுக்குத் தன் உடம்புச் சூடு என்று ஒன்று கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் இந்தக் கடைசிக் கட்டம் படுத்துவிடும். கார்த்திகை, மார்கழி விடியற்காலையில் நம் குட்டைகள் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. ஆக, மழைக்காலத்தில் மீன் பெரிதும் நம்பியிருப்பது முதல் இரண்டு காவலைத்தான். வைட்டமின்கள் அதிகம் வேலை செய்வதும் அந்த இடத்தில்தான்.

வைட்டமின் சி

எல்லா வைட்டமினுக்கும் சம இடம் கொடுத்து எழுத எனக்கு விருப்பமில்லை. நோய் எதிர்ப்பு என்று வந்தால் சி-க்குத்தான் முதல் நாற்காலி.

ஆடு, மாடு, எலி எல்லாம் குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி-யைத் தாமே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது. நாம் வளர்க்கும் மீன்களில் பெரும்பாலானவற்றாலும் முடியாது. கடைசிப் படியில் வேண்டிய ஒரு நொதி அவற்றிடம் இல்லை. சுறா, ஸ்டர்ஜன் போன்ற பழைய வகை மீன்களிடம் அந்த நொதி இன்னும் இருக்கிறது. ஆனால் அவற்றை நாம் குட்டையில் வளர்ப்பதில்லை. அதனால் குட்டை மீனுக்குத் தீவனத்தில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

உடம்பில் சி செய்யும் வேலைகளில் முதலாவது கொலாஜன். தோல், எலும்பு, குருத்தெலும்பு, இரத்தக் குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது இந்தப் புரத நார். நார் தயாரானால் மட்டும் போதாது, ஒன்றோடொன்று பிணைந்து இறுக வேண்டும். அந்தப் பிணைப்புக்கு சி வேண்டும். முடிச்சுப் போடாத வலை எப்படியோ அப்படித்தான் சி இல்லாத கொலாஜன்: நூல் இருக்கும், மீன் நிற்காது. காயம் ஆறுவது தாமதமாகும், துடுப்படியில் இரத்தம் கசியும், செவுள் இழைகளைத் தாங்கும் குருத்தெலும்பு கோணிக்கொள்ளும். முற்றினால் முதுகெலும்பே வளையும். மேலிருந்து பார்த்தால் பக்கவாட்டிலும், கையில் எடுத்துப் பார்த்தால் மேலும் கீழுமாகவும் வளைந்த மீன் உங்கள் தொட்டியில் ஒன்றிரண்டு தென்பட்டால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் சி. முதுகு வளைய வேறு காரணங்களும் உண்டு, குஞ்சு வந்த இடத்தின் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் தொட்டியில் பல மீன்களுக்கு வந்தால் தீவனத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வேலை வெள்ளணுக்களுக்குள். கிருமியை எரிக்கக் கக்கும் அந்த ஆக்சிஜன் பொருள்கள் கக்கிய அணுவையே சுட்டுவிடக்கூடியவை. அதனால் வெள்ளணுக்கள் சுற்றியுள்ள இரத்த நீரில் இருப்பதைவிடப் பலமடங்கு சி-யைத் தங்களுக்குள் இழுத்து வைத்துக்கொள்கின்றன. இருப்பு குறைந்தால் சண்டை போடும் அணு சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

1985-ல் அமெரிக்காவில் கெளுத்தி இன மீன்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. சி இல்லாத தீவனம் தின்ற மீன்களுக்குக் குறிப்பிட்ட பாக்டீரியாவைக் கொடுத்தபோது அத்தனையும் செத்தன. கிலோ தீவனத்துக்கு 3,000 மில்லிகிராம் சி சேர்த்துத் தின்றவற்றில் ஒன்றும் சாகவில்லை. இன்றைக்கும் சி பாக்கெட் விற்பவர்கள் சுற்றி வளைத்துச் சொல்வது இந்த வகைக் கதையைத்தான். அவர்கள் சொல்லாத மறுபாதி ஒன்று உண்டு. பிறகு நடந்த சோதனைகளில் அடிப்படைத் தேவை நிறைவேறிய பிறகு மேலும் மேலும் கொட்டியதால் அவ்வளவு பெரிய லாபம் எப்போதும் தெரியவில்லை. வளர்ச்சிக்கு மட்டும் என்றால் பல மீன் இனங்களுக்குக் கிலோ தீவனத்துக்கு 25 முதல் 50 மில்லிகிராம் போதும். நெருக்கடிக் காலத்தில் அதைப்போல் சில மடங்கு கொடுப்பதில் பொருள் இருக்கிறது. அறுபது மடங்கு கொடுப்பது, என் கணக்கில், தண்ணீருக்கு வைட்டமின் போடுவது.

சிக்கு வாடை பிடித்த தவிடும் வைட்டமின் ஈ-யும்

ஈ கொழுப்பில் கரையும் வைட்டமின். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் வெளிச்சுவர் கொழுப்பால் ஆனது. மீனின் கொழுப்பு நம்முடையதைவிட மென்மையானது, சீக்கிரம் ஆக்சிஜன் ஏறிக் கெட்டுப்போகக்கூடியது. அந்தக் கெடுதலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு சுவரைக் காப்பது ஈ. அப்படி வாங்கிக்கொண்டு செயலிழந்த ஈ-யை மறுபடி வேலைக்குத் திருப்புவது சி. அதனால் இந்த இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள்.

ஜப்பானில் கெண்டை வளர்ப்பவர்கள் பட்டுநூல் எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழுவைக் காயவைத்துத் தீவனமாகப் போட்டார்கள். கொழுப்பு மிகுந்த அந்தப் புழு நாட்பட்டுக் கொழுப்புக் கெட்டுச் சிக்கு வாடை பிடித்ததும் மீன்களின் முதுகுச் சதை வற்றி, கத்தி முனை போல மெலிந்தன. செகோகே என்று அந்த நோய்க்குப் பேர். தீவனத்தில் வைட்டமின் ஈ சேர்த்ததும் நோய் விலகியது. கெட்ட கொழுப்பு உடம்பிலிருந்த ஈ முழுவதையும் தின்று தீர்த்திருந்தது.

நமக்கு இங்கே கூட்டுப்புழு இல்லை, தவிடு இருக்கிறது. காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை என்று வீராணம் பாசனத்தில் நெல் விளையும் ஊர்களைச் சுற்றி ரைஸ் மில்லுக்குப் பஞ்சமில்லை. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பாதிக்குப் பாதி கலந்து போடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் நெல்லைத் தீட்டிய நிமிடமே தவிட்டிலிருக்கும் ஒரு நொதி அதன் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மழைக்கு முன்னால் இரண்டு மாதத் தவிட்டை வாங்கி அடுக்கினால், போடும்போதெல்லாம் மீனின் ஈ இருப்பை நாமே கரைத்துக்கொண்டிருப்போம். ஒரு பிடி எடுத்து மூக்கருகே வைத்துப் பாருங்கள். நாட்பட்ட எண்ணெய் வாடை வந்தால் அந்த மூட்டை மீனுக்கு வேண்டாம். பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பூசண நஞ்சு கல்லீரலைக் கெடுத்து எதிர்ப்புச் சக்தியையே குறைக்கும். அதை எந்த வைட்டமினாலும் சரிக்கட்ட முடியாது.

மற்றவை சுருக்கமாக

வைட்டமின் ஏ தோலும் சளிப்படலமும் நன்றாக இருக்கத் தேவை. குறைந்தால் கண்ணும் துடுப்படியும் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஏ, டி இரண்டும் கல்லீரலில் தேங்கக்கூடியவை, ஏ மிதமிஞ்சினால் அதுவே நஞ்சு. நல்லதுதானே என்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போடக் கூடாது.

பி வகையில் பேன்டோதெனிக் அமிலம் குறைந்தால் செவுள் இழைகளின் நுனி தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூச்சு விடவே முடியாத மீன் நோயை எங்கே எதிர்ப்பது? ஃபோலிக் அமிலம் குறைந்தால் இரத்தசோகை வந்து செவுள் வெளுக்கும். பி12 விஷயத்தில் ஜிலேபிக் கெண்டைக்கு அதிர்ஷ்டம், அதன் குடலிலிருக்கும் பாக்டீரியாக்களே தயாரித்துக் கொடுத்துவிடுகின்றன.

பி1 பற்றிக் கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் உவர்நீரில் கொடுவா வளர்ப்பவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தி, நெத்திலி வகையறாக்கள் பலவற்றின் பச்சை உடம்பில் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. துறைமுகத்தில் மலிவாகக் கிடைக்கும் கழிவு மீனை அப்படியே வெட்டிப் போட்டு வளர்த்தால், மீனுக்குப் புரதம் சேரும், பி1 குறைந்துகொண்டே போகும். முற்றினால் மீன் நிலை தடுமாறிச் சுற்றும், வெடுக்வெடுக்கென்று துள்ளும். சரி, பி1 பொடியைக் கலந்து போடலாமே என்றால், அரைத்த பச்சை மீனோடு கலந்து வைத்த பி1-ஐயும் அந்த நொதி தின்றுவிடும். வேகவைத்தால் நொதி செத்துவிடும். பச்சை மீனோடு வரும் கிருமிகளும் குறையும். விறகுச் செலவு ஆகும்தான். முடிந்தவர்கள் குருணைத் தீவனத்துக்கு (பெல்லட்) பழக்கிவிடுவது இன்னும் நல்லது.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

ஏரியிலோ பெரிய குளத்திலோ நெருக்கமில்லாமல் கெண்டை விட்டிருக்கிறீர்கள், தண்ணீர் இளம்பச்சையாக இருக்கிறது, சாணம் போட்டு நுண்பாசி வளர்க்கிறீர்கள் என்றால் உங்கள் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாசியும் அதைத் தின்னும் நுண்ணுயிரிகளும் வைட்டமின் களஞ்சியம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கூண்டில் அடைத்து வளர்த்த கெளுத்திகளுக்கு முதுகு வளைந்தபோது, இயற்கை உணவு கிடைக்கும் குளத்து மீன்களுக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக வரவில்லை.

கூண்டு, தார்ப்பாய்த் தொட்டி, சிமெண்டுத் தொட்டி, நெருக்கமாக விரால் விட்ட குட்டை, இவற்றில்தான் மீனுக்கு நாம் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பயோஃபிளாக்கில் மிதக்கும் திரளிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். அதை நம்பி மலிவுத் தீவனத்துக்கு இறங்க முடியாது. தென்பெண்ணை, கெடிலம் கரையோரத்துக் குட்டைக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு தென்பெண்ணையில் வந்தது போன்ற வெள்ளம் வந்தால் ஆற்று மீனும் ஆற்று நீரும் குட்டைக்குள் புகுந்துவிடும். விராலுக்கு எமனான புண் நோயின் பூசணம் போன்ற உயிரி அப்படித்தான் பரவும். 1988-ல் வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டி நாடு முழுவதும் பரவிய நோய் அது. தோலில் சிராய்ப்பு உள்ள மீனில் அது எளிதாக வேர்விடும். காயம் சீக்கிரம் மூடினால் அதற்கு இடம் குறையும். வைட்டமினால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

மூட்டையில் இருப்பது மீனுக்குள் போகுமா?

சாக்கில் அச்சடித்த வைட்டமின் அளவு தயாரித்த அன்றைக்கு உள்ள அளவு. சாதாரண அஸ்கார்பிக் அமிலம் சூட்டிலும் காற்றிலும் ஈரத்திலும் சீக்கிரம் சிதையும். இரும்பு, செம்பு கூட இருந்தால் இன்னும் வேகம். அதனால்தான் நல்ல தீவனக் கம்பெனிகள் பாஸ்பேட்டோடு பிணைத்த சி-யைப் போடுகின்றன. சூட்டைத் தாங்கும், மீனின் குடலுக்குப் போன பிறகுதான் பிணைப்பு அவிழும். அப்படியிருந்தும் நம் ஊர்ப் புழுக்கத்தில், தகரக் கொட்டகையில், தரையோடு அடுக்கிய மூட்டை மாதங்களைத் தாங்காது. மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல், நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். தயாரிப்புத் தேதி பார்த்து வாங்க வெட்கப்பட வேண்டாம்.

மழைக்கு முன்னால் கூடுதலாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கடையில் கிடைக்கும் பாஸ்பேட் வகை சி பொடியில் "35 சதவீதம்" என்று போட்டிருந்தால், நூறு கிராம் பொடியில் சி 35 கிராம்தான். கிலோ தீவனத்துக்கு 100 மில்லிகிராம் சி கூட்ட வேண்டும் என்றால் 25 கிலோ மூட்டைக்கு இரண்டரை கிராம் சி வேண்டும், அதாவது சுமார் 7 கிராம் பொடி. இவ்வளவு சொற்ப அளவைக் குத்துமதிப்பாக அள்ளிப் போடக் கூடாது. நகை நிறுக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும்.

ஏழு கிராமை 25 கிலோவில் நேரடியாகத் தூவினால் ஒரு மீனுக்குப் பத்து பங்கு, இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை என்று ஆகும். பொடியை முதலில் ஒரு செம்புத் தண்ணீரில் கரையுங்கள். செம்பு என்றால் அளவுதான், பாத்திரம் எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ ஆகட்டும், தாமிரத்தால் ஆனது வேண்டாம். குருணையைத் தார்ப்பாயில் நிழலில் மெல்லியதாகப் பரப்பி, செடிக்குத் தெளிக்கும் புதிய கைத்தெளிப்பானால் தெளித்துப் புரட்டிக்கொண்டே இருங்கள். பூச்சிமருந்து அடித்த தெளிப்பானைத் தொடவே கூடாது. ஈரம் இழுத்ததும் மேலே கொஞ்சம் மீன் எண்ணெய் அல்லது கடையில் விற்கும் ஒட்டும் பசையைப் பூசினால் தண்ணீரில் கரைந்து போவது குறையும். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் அரை மணி நேரம் உலர்ந்தால் போதும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் கலந்து அன்றைக்கே போட்டுவிட வேண்டும். மீன் பசியோடு இருக்கும் காலை வேளையில் போட்டால் தீவனம் தண்ணீரில் கிடந்து ஊறும் நேரம் குறையும். மழைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்கினால் உடம்பில் இருப்புச் சேர அவகாசம் கிடைக்கும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, மேகமூட்டமான நாளில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரியேட்டரை நிறுத்தி வைத்திருந்தால் பலன் கிடையாது. ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் எதிர்ப்புச் சக்திக்கு வேலையே இல்லை. மழைத்தண்ணீர் சேர்ந்து காரத்தன்மை இறங்கிய குட்டைக்குச் சுண்ணாம்புதான் வேண்டும். மீன் செத்து மிதக்கத் தொடங்கினால் வைட்டமின் கடைக்கு முன்னால் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். சாகும் தறுவாயில் இருக்கும் மீனை எடுத்துப்போனால்தான் பார்த்துச் சொல்ல முடியும், நேற்றே செத்து நாறியது பயன்படாது.

மெடிக்கல் ஷாப்பில் விற்கும் சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரையை நுணுக்கிப் போடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அதில் சர்க்கரையும் ஆரஞ்சு வாசனையும் கணிசமாக இருக்கும், சி-யும் பெரும்பாலும் சாதாரண வகைதான். தண்ணீரில் விழுந்த நிமிடக் கணக்கில் கரைந்து போய்விடும். விலையைப் பார்த்தாலும் பாஸ்பேட் பொடியே கட்டுப்படியாகும்.